ஓரிகனில் ஹேசல்நட் தோட்டம்: இரண்டாவது தொழிலாக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்போரோ, பீவர்ட்டன் பக்கம் கணினித் துறையிலும் சிப் தொழிற்சாலைகளிலும் பல ஆண்டு உழைத்துக் களைத்த தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊரைத் தாண்டிப் பத்து நிமிடம் கார் ஓட்டினால் இருபுறமும் ஹேசல்நட் மரங்கள், சாக்லேட்டில் சேரும் அந்தக் கொட்டையின் மரங்கள், வரிசை பிடித்து நிற்கும். பார்ப்பவருக்கு ஓர் ஆசை வரும். பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு வரும். அப்படி வந்த கேள்விகளைத் தொகுத்து எழுதியிருக்கிறேன். பதில்கள் எல்லாம் ஓரிகனில் இந்த மரம் விளையும் வில்லாமெட் பள்ளத்தாக்குக்கும், ஐந்திலிருந்து பதினைந்து ஏக்கர் வரையிலான சிறு தோட்டத்துக்கும் உரியவை. நூறு ஏக்கர் போடுகிறவர்களுக்கு என் யோசனை தேவையிராது.

அமெரிக்காவில் இது ஏன் ஓரிகனில் மட்டும் விளைகிறது?

மட்டும் என்றே சொல்லலாம். அமெரிக்க ஹேசல்நட்டில் சுமார் 99 சதவீதம் ஓரிகனுடையது. 1989இல் அதை மாநிலக் கொட்டையாகவே அறிவித்துவிட்டார்கள். கடுங்குளிர் இல்லாத ஈரமான குளிர்காலமும் மழையில்லாத கோடையும் இந்த மரத்துக்குப் பிடித்தவை. நம் பள்ளத்தாக்கில் இரண்டும் உண்டு.

ஆனால் உலக அளவில் நாம் சின்ன ஆட்கள். துருக்கிதான் பெரியண்ணன், உலக விளைச்சலில் பாதிக்கு மேல் அதன் கருங்கடல் கரையிலிருந்து வருகிறது. இத்தாலி, அஜர்பைஜான், ஜார்ஜியா, சிலி ஆகிய நாடுகளும் இருக்கின்றன. இதனால் உங்கள் பொருளின் விலை உங்கள் தோட்டத்தில் நிர்ணயமாகாது. 2014 வசந்தத்தில் துருக்கி மலைச் சரிவுகளில் உறைபனி விழுந்து பூவும் பிஞ்சும் கருகின. அந்த ஆண்டு ஓரிகனில் பவுண்டு விலை ஒன்றரை டாலரைத் தாண்டியது. அதைப் பார்த்து நட்டவர்கள் ஏராளம். அவர்களுடைய மரங்கள் காய்க்கத் தொடங்கிய காலத்தில், 2018இல், சீனா அமெரிக்கப் பொருட்களுக்கு வரியை உயர்த்தியது. ஓட்டோடு விற்கும் கொட்டைக்கு அப்போது சீனாதான் முக்கியச் சந்தை. விலை சரிந்தது. அண்டை வீட்டுக்காரர் போன ஆண்டு எவ்வளவு சம்பாதித்தார் என்பதை வைத்து இந்த மரத்தை நடக்கூடாது.

வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?

வேண்டாம். முதல் ஆறேழு ஆண்டுகளுக்காவது வேண்டாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஏக்கர், நன்கு வளர்ந்த மரங்கள், ஏக்கருக்கு 2,500 பவுண்டு உலர்ந்த கொட்டை என்று வைத்துக்கொள்வோம். நல்ல பராமரிப்பில் இது எட்டக்கூடிய அளவுதான். மொத்தம் 12,500 பவுண்டு. கொள்முதல் நிலையத்தில் பவுண்டுக்கு 80 சென்ட் கிடைத்தால் 10,000 டாலர். அதிலிருந்து அறுவடைக் கூலி, கழுவிக் காயவைக்கும் கட்டணம், மருந்து, புல்வெட்டு, டிராக்டர் டீசல், காப்பீடு எல்லாம் போக வேண்டும். மிஞ்சுவதைக் கொண்டு ஹில்ஸ்போரோவில் வீட்டுக் கடன் தவணையை ஓரிரு மாதம் கட்டலாம்.

இந்தக் கணக்கில் நிலத்தின் விலையை நான் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் கேள்வி அங்கேயே முடிந்துவிடும்.

அப்படியானால் சிறு தோட்டமே வீணா என்றால், இல்லை. அதே ஐந்து ஏக்கர் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை மட்டும், அதாவது 2,500 பவுண்டை, உடைத்துப் பருப்பாக்கி நேரடியாக விற்பதாகக் கொள்வோம். ஓட்டைக் கழித்தால் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் பருப்பு கிடைக்கும். சொத்தை, உடைசல் போக ஏறக்குறைய 1,000 பவுண்டு. பவுண்டு 10 டாலருக்கு விற்க முடிந்தால் அதுவும் 10,000 டாலர். மொத்த விளைச்சலையும் லாரியில் ஏற்றிவிட்டால் கிடைக்கும் அதே தொகை, ஐந்தில் ஒரு பங்கிலேயே வந்துவிடுகிறது. சிறு விவசாயி பிழைப்பது இந்த ஐந்தில் ஒரு பங்கில்தான். ஆகவே நீங்கள் தொடங்கப் போவது பாதி விவசாயம், பாதி வியாபாரம். விற்பதற்குக் கூச்சப்படுபவர் இதில் இறங்குவதற்கு முன் இன்னொரு முறை யோசிக்கட்டும்.

எத்தனை ஆண்டில் காய்க்கும்?

மூன்றாம் நான்காம் ஆண்டில் கொஞ்சம் தலைகாட்டும், கூடையில் அள்ளும் அளவுக்கு. ஐந்து, ஆறில் அறுவடை இயந்திரம் வருவதற்கு அர்த்தம் இருக்கும். முழு விளைச்சல் பத்தாம் ஆண்டையொட்டி. உங்களுக்கு 50 வயது என்றால் 60இல் தோட்டம் நிமிர்ந்து நிற்கும். நோயில்லாமல் காத்தால் மரம் பல பத்தாண்டுகள் நிற்கும். பேரப்பிள்ளைகளுக்குக் கணக்கில் இடம் உண்டு.

நிலத்தை எப்படிப் பார்த்து வாங்குவது?

ஜூலையில் பார்க்காதீர்கள். ஜூலையில் ஓரிகனில் எல்லா நிலமும் அழகு. தரகர்கள் கோடையில் படம் எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஜனவரியில், இரண்டு நாள் விடாமல் மழை பெய்த மறுநாள், ரப்பர் பூட்ஸோடு போங்கள். எங்கெல்லாம் தண்ணீர் நிற்கிறது என்று நடந்து பாருங்கள். மூன்றடிக் குழி ஒன்று வெட்ட அனுமதி கேளுங்கள். குழியில் தண்ணீர் ஊறி அப்படியே நின்றால், அல்லது மண்ணில் சாம்பல் நிறமும் துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகளும் தெரிந்தால், அந்த நிலம் இந்த மரத்துக்கு ஆகாது. ஹேசல்நட் வேருக்கு ஈரம் பிடிக்கும், தேங்கிய நீர் பிடிக்காது.

அமெரிக்க வேளாண்மைத் துறையின் மண் வரைபடம் இணையத்தில் இலவசமாக இருக்கிறது. நில எல்லையை வரைந்தால் மண்ணின் பெயரைச் சொல்லும். வில்லாமெட், உட்பர்ன் என்று வந்தால் சந்தோஷப்படலாம். ஆமிட்டி என்றால் வடிகால் குழாய் பதிக்கும் செலவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். டேட்டன் என்று வந்தால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திரும்பிவிடுங்கள். களிமண் அடுக்கு நீரை இறங்கவே விடாது. அங்கே புல் விதை விளைகிறது என்றால் அதற்கும் இதுதான் காரணம்.

மண்ணின் அமிலத் தன்மையையும் பரிசோதியுங்கள். இங்கே மழை அதிகம், மண் புளித்திருக்கும். பி.எச். 6ஐ ஒட்டி இருப்பது நல்லது. சுண்ணாம்பு இட வேண்டுமானால் நடுவதற்கு முன்பே இட்டு உழுதுவிட வேண்டும். மரம் நின்ற பிறகு ஆழத்துக்குக் கொண்டுபோக வழியில்லை.

இன்னொன்று: பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வேலிக்கு அப்பால் கைவிடப்பட்ட பழைய ஹேசல்நட் மரங்கள் இருந்தால் நோய் அங்கிருந்து வரும். ஓரிகன் ஓக் மரத் தோப்பு இருந்தால் கொட்டையைத் துளைக்கும் புழு அங்கிருந்து வரும்.

நிலம் வாங்கினால் அதில் வீடு கட்டிக் குடியேறலாமே?

நம்மவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. ஓரிகனில் விவசாயத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிய மண்டலம் உண்டு, இ.எஃப்.யு. என்பார்கள். அதில் உங்கள் நிலம் என்பதற்காக நீங்கள் வீடு கட்டிவிட முடியாது. உயர்தர விவசாய நிலமாக இருந்தால், பண்ணை வீட்டுக்கு அனுமதி பெற அந்த நிலம் ஆண்டுக்கு 80,000 டாலர் மொத்த வருமானம் ஈட்டியதாகக் காட்ட வேண்டும். மேலே போட்ட ஐந்து ஏக்கர் கணக்கை இதோடு வைத்துப் பாருங்கள், விளங்கும். வேறு சில வழிகள் இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை இருக்கிறது. முன்பணம் கொடுப்பதற்கு முன் கவுண்டி திட்டமிடல் அலுவலகத்துக்குப் போய் நிலத்தின் வரி எண்ணைக் கொடுத்து, "இங்கே என்ன கட்டலாம்?" என்று நேரில் கேளுங்கள். ஏற்கெனவே வீடு இருக்கும் பழைய பண்ணையை வாங்குவது பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

தண்ணீர் பாய்ச்ச வேண்டுமா?

வளர்ந்த மரங்கள் ஆழமான மண்ணில் பாசனம் இல்லாமலே காய்க்கின்றன. பழைய தோட்டங்கள் பல அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் கன்றுகளுக்கு முதல் இரண்டு மூன்று கோடைகள் தண்ணீர் கண்டிப்பாக வேண்டும். 2021 ஜூன் 28 அன்று போர்ட்லாந்தில் 116 ஃபாரன்ஹீட், அதாவது 46 செல்சியஸுக்கு மேல், அடித்தது. தமிழ்நாட்டுச் சேலத்தில் வெயில் பார்த்து வளர்ந்தவர்களே கதவைச் சாத்திக்கொண்டோம்.

சொட்டுநீர் போடுவது எளிது, உரிமைதான் சிக்கல். ஓரிகனில் தண்ணீர் பொதுச் சொத்து. உங்கள் நிலத்துக் கிணறாக இருந்தாலும் விற்பனைப் பயிருக்குப் பாய்ச்சப் பாசன உரிமை வேண்டும். வீட்டுக் கிணறு வைத்திருப்பவருக்கு அரை ஏக்கர் வரை புல்வெளிக்கும் சொந்தத் தோட்டத்துக்கும் விலக்கு உண்டு. ஐந்து ஏக்கர் வியாபாரத் தோட்டத்துக்கு அது உதவாது. நிலத்தோடு பாசன உரிமை இருக்கிறதா, அது எத்தனை ஏக்கருக்கு, தொடர்ந்து ஐந்தாண்டு பயன்படுத்தாமல் விட்டு இழக்கும் நிலையில் இருக்கிறதா என்று மாநில நீர்வளத் துறையின் பதிவில் பாருங்கள்.

எந்த ரகத்தை நடுவது?

நோயைப் பற்றிச் சொல்லாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கிழக்கத்திய ஃபில்பர்ட் கருகல் என்று ஒரு பூஞ்சை நோய். ஃபில்பர்ட் என்பது ஹேசல்நட்டின் இன்னொரு பெயர். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் காட்டு ஹேசல் புதர்களில் பெரிய தொல்லை தராமல் இருந்துவந்தது. மேற்கே வந்ததும் ஐரோப்பிய ரகங்களைக் கொன்றது. ஓரிகனில் முதன்முதலில் கண்டது 1986இல். கிளையில் கறுப்பு முட்டை வடிவப் புடைப்புகள் வரிசையாக, பொத்தான் தைத்தது போல எழும்பும். அவை வெளியே தெரிய ஓராண்டுக்கு மேலாகும். அதற்குள் உள்ளே வேலை முடிந்திருக்கும். பார்சிலோனா, என்னிஸ் என்ற பழைய ரகங்களை நம்பியிருந்த தோட்டங்கள் பல அழிந்தன.

கார்வாலிஸில் இருக்கும் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகம் இந்தத் தொழிலைக் காப்பாற்றியது என்று சொன்னால் மிகையில்லை. காஸவே என்ற ஒரு மரம், கொட்டைக்கு உதவாத, மகரந்தத்துக்கு மட்டும் வைத்திருந்த மரம், நோய்க்கு அசையாமல் நின்றது. அதன் எதிர்ப்பு மரபணுவை நல்ல ரகங்களுக்குள் கொண்டுவரப் பல ஆண்டு கலப்பினம் செய்தார்கள். சான்டியம் 2005இல் வந்தது. யாம்ஹில் 2008, ஜெஃபர்சன் 2009, டோரிஸ் 2012, வெப்ஸ்டர் 2013, மக்டொனால்ட் 2014, பாலியோ 2018.

ஓட்டோடு விற்கப் பெரிய கொட்டை வேண்டுமென்றால் ஜெஃபர்சன். பருப்புக்கும் சாக்லேட்டுக்கும் யாம்ஹில், வெப்ஸ்டர், மக்டொனால்ட், பாலியோ. நேரடி விற்பனையை நம்பும் சிறு தோட்டத்துக்கு நான் பருப்பு ரகங்களைத்தான் சொல்வேன். வறுத்தால் தோல் சுலபமாக உரிய வேண்டும், அதுதான் வாடிக்கையாளர் கண்ணில் படுவது. வெப்ஸ்டர், மக்டொனால்ட், யாம்ஹில் மூன்றும் சீக்கிரம் உதிர்பவை. அக்டோபர் மழைக்கு முன் பொறுக்கி எடுத்துவிடலாம்.

ஓர் எச்சரிக்கை. இந்த ரகங்களில் பெரும்பாலானவை அதே காஸவே மரபணு ஒன்றையே நம்பியிருக்கின்றன. அந்த எதிர்ப்பை மீறும் பூஞ்சை வகை அண்மை ஆண்டுகளில் பள்ளத்தாக்கிலேயே தென்பட்டிருக்கிறது. ஆகவே "நோய் வராத ரகம்" என்று நாற்றுப் பண்ணையில் சொன்னால் தலையாட்டிவிட்டு, குளிர்காலத்தில் கிளை கிளையாகப் பாருங்கள். மொட்டு விரியும் வசந்த காலத்தில் மருந்து தெளிக்கும் செலவையும் கணக்கில் வையுங்கள்.

மகரந்தத்துக்குத் தனி மரம் வேண்டும் என்கிறார்களே, தேனீப் பெட்டி வைக்க வேண்டுமா?

தேனீ வேண்டாம். காற்றுதான் வேலை செய்கிறது, அதுவும் நடுக்குளிரில். ஜனவரியில் தோட்டத்துக்குள் போனால் இலையில்லாத கிளைகளில் மஞ்சள் நிற ஆண் பூங்கொத்துகள் வால் வாலாகத் தொங்கும். ஒன்றைச் சுண்டினால் மஞ்சள் தூள் பறக்கும். பெண் பூவைத் தேடிப் பார்க்க வேண்டும்: மொட்டின் நுனியில் குங்குமப்பூ இழை போல நாலைந்து சிவப்பு நூல்கள், அவ்வளவுதான். சில மில்லிமீட்டர் நீளம். மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இழையில் மகரந்தம் விழுந்தாலும் கருவுறுதல் உடனே நடக்காது. மகரந்தக் குழல் அடிவரை போய்க் காத்திருக்கும். மே கடைசியில், ஜூனில்தான் கருவுறும். மற்றப் பழ மரங்களில் பூத்து ஒரு சில நாளில் முடிவதற்கு இங்கே நான்கைந்து மாதம்.

தன் மகரந்தத்தைத் தானே ஏற்காத மரம் இது. வேறு ரகம் வேண்டும், அதிலும் எல்லா ரகமும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. ஜாதகப் பொருத்தம் பார்ப்பதற்குப் பல்கலைக்கழகம் அட்டவணை போட்டு வைத்திருக்கிறது. ஜெஃபர்சன் தாமதமாகப் பூப்பது. ஈட்டா, தீட்டா என்ற மகரந்த மரங்கள் அதற்குப் பொருந்துகின்றன. மூன்று வரிசைக்கு ஒரு வரிசையில், மூன்று மரத்துக்கு ஒரு மரம் மகரந்த மரம் என்பது வழக்கமான அமைப்பு; ஒன்பதில் ஒன்று. ஒரே மகரந்த ரகத்தை வைக்காமல் முன்பின்னாகப் பூக்கும் இரண்டு மூன்றைக் கலந்து வையுங்கள். இதில் கஞ்சத்தனம் செய்தால் கொட்டை பிடிப்பதே குறைந்துவிடும்.

நடவு எப்படி?

குளிர்காலத்தில், வேர் மண்ணில்லாத கன்றுகளாக நடுவது வழக்கம். 20 அடிக்கு 20 அடி என்றால் ஏக்கருக்கு 108 மரம். பலர் வரிசைக்குள் 10 அடியாக்கி இரட்டிப்பாக நட்டு, கிளைகள் நெருங்கும்போது ஒன்று விட்டு ஒன்றை வெட்டிவிடுகிறார்கள். முதல் பத்தாண்டு வருமானம் கூடும். ஆனால் காய்க்கிற மரத்தை வெட்ட மனம் வர வேண்டும். வராதவர்களின் தோட்டத்தில் இன்று வெயில் இறங்குவதில்லை.

நட்டதும் சுமார் 30 அங்குல உயரத்தில் நுனியை வெட்டிவிட வேண்டும். தண்டுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடியுங்கள். அழகுக்கில்லை, தென்மேற்கு வெயிலில் இளம் பட்டை வெந்து பிளக்கும்.

வாரத்துக்கு எவ்வளவு வேலை இருக்கும்?

வாரக் கணக்கு இதில் சரிவராது. டிசம்பரில் ஒரு மாதம் திரும்பிப் பார்க்காமல் இருக்கலாம். அக்டோபரில் தூக்கம் இருக்காது. கவாத்து குளிர்காலத்தில். புல்வெட்டு, களை ஏப்ரலிலிருந்து.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத வேலை ஒன்று உண்டு: அடிக்கன்று. ஹேசல் இயற்கையில் புதர். துருக்கியில் அப்படியே புதராக வளர்க்கிறார்கள். இங்கே இயந்திரம் ஓட வேண்டும் என்பதற்காக ஒற்றைத் தண்டு மரமாக்குகிறோம். மரம் அதை ஒப்புக்கொள்வதில்லை. ஆண்டுதோறும் வேரடியிலிருந்து வாழைக்கு வருவதைப் போலக் கன்றுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். வசந்தத்திலும் கோடையிலும் மூன்று நான்கு முறை, அவை சாண் உயரத்தைத் தாண்டுவதற்குள் மருந்தடித்தோ வெட்டியோ தீர்க்க வேண்டும். ஐந்து ஏக்கரில் 540 மரத்துக்குக் குனிந்து வெட்டுவது என்றால் முதுகைக் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள். ஒட்டுக்கட்டிய மரங்களில் இந்தத் தொல்லை குறைவு, விலை அதிகம்.

பூச்சி, மான், பறவை?

எல்லாம் வரும். ஃபில்பர்ட் புழுவுக்குக் கவர்ச்சிப் பொறி வைத்து, அந்து அகப்படுகிற எண்ணிக்கையைப் பார்த்து மருந்தடிக்க வேண்டும். நாட்காட்டியைப் பார்த்து அல்ல. பழுப்பு நாற்றப் பூச்சி ஓட்டின் வழியே ஊசி நுழைத்துப் பருப்பைக் கெடுக்கும். வயல் எலி குளிரில் பட்டையைச் சுற்றிக் கடித்தால் கன்று போயிற்று. அடித்தண்டைச் சுற்றிப் புல்லை விடாதீர்கள். மானுக்கு வேலி. ஜே என்ற நீலநிறப் பறவைக்கு மருந்தில்லை. சின்னத் தோட்டமாக இருந்தால் அது கொண்டுபோவது கண்ணில் படும் அளவுக்கு இருக்கும்.

அறுவடைக்கு இயந்திரம் வாங்க வேண்டுமா?

வாங்காதீர்கள். இதை அடித்துச் சொல்கிறேன்.

முதலில் முறையைச் சொல்லிவிடுகிறேன். மரத்திலிருந்து யாரும் பறிப்பதில்லை. செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து கொட்டை தானே உறையை விட்டு நழுவித் தரையில் விழும். அதற்கு முன்பே தரையை மட்டம் செய்து, புல்லை ஒட்ட வெட்டி, களம் போல வைத்திருக்க வேண்டும். எல்லாம் உதிர்ந்ததும் ஓர் இயந்திரம் பெருக்கியும் ஊதியும் வரிசை நடுவில் நீளக் குவியலாக்கும். இன்னோர் இயந்திரம் அதன்மேல் ஓடிக் கொட்டையை அள்ளி, இலையையும் குச்சியையும் காற்றில் தூற்றிவிட்டுப் பெட்டியில் கொட்டும். வெயில் நாளில் புழுதி மேகம் எழும்பும். மழை நாளில் அதே இடம் சேறு. இரண்டும் ஒரே வாரத்தில் நடப்பது உண்டு.

பெருக்கி, அள்ளி, அவற்றை இழுக்க டிராக்டர் என்று போனால் பத்து ஏக்கர் வருமானம் வட்டிக்கே போதாது. ஆண்டில் சில நாள் ஓடும் சாமான். பக்கத்துப் பெரிய தோட்டக்காரரிடம் கூலிக்குப் பேசிக்கொள்ளுங்கள். அவர் தன் தோட்டத்தை முடித்துவிட்டுத்தான் உங்களிடம் வருவார், அது நியாயம்தான். அதனால்தான் சீக்கிரம் உதிரும் ரகம் ஒன்றும் தாமதமாக உதிரும் ரகம் ஒன்றுமாக வையுங்கள் என்பது. ஒரு மழையில் எல்லாம் போகாது. பேச்சை ஜூனிலேயே முடித்துவிடுங்கள். செப்டம்பரில் அவர் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

நேரடி விற்பனைக்கான பங்கை ஒரு சிறு பகுதியிலிருந்து கையாலேயே சேகரிக்கலாம். நீளக் கைப்பிடியில் கம்பிக் கூண்டு உருளை விற்கிறார்கள். தரையில் உருட்டினால் கம்பிகள் விலகிக் கொட்டையை உள்ளே விழுங்கும். சேறு படியாது, குனிய வேண்டியதில்லை. விருந்தாளி வந்தால் அவர் கையிலும் ஒன்றைக் கொடுக்கலாம்.

காயவைப்பது?

அள்ளிய கொட்டையை ஒரு நாளுக்குள் கழுவி உலர்த்தத் தொடங்க வேண்டும். ஈரக் குவியல் சூடேறிப் பூசணம் பிடிக்கும். ஈரப்பதம் 8 முதல் 10 சதவீதம் வரை இறங்கினால் போதும். காற்றின் சூடு 100 ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கட்டும். அவசரத்துக்கு மேலே ஏற்றினால் எண்ணெய் கெட்டுச் சீக்கிரம் சிக்கு வாசனை வரும். காய்ந்ததா என்று பார்க்க ஒன்றை உடைத்துப் பருப்பைக் குறுக்கே வெட்டுங்கள். ஈரப் பருப்பு வெள்ளை. காயக் காய வெளியிலிருந்து உள்ளே வெண்ணெய் நிறம் பரவும். நடுவில் வெள்ளைப் பொட்டு இருக்கும்வரை இன்னும் காய வேண்டும். பெரிய அளவுக்கு உலர்த்தும் நிலையங்கள் இருக்கின்றன, பவுண்டுக் கணக்கில் கட்டணம்.

யாரிடம் விற்பது?

பெரும்பகுதி கொள்முதல் நிலையத்துக்கு. வளர்ப்பவர்களின் பேரச் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் அறுவடைக்கு முன் நிலையங்களோடு பேசித் தொடக்க விலையை முடிவு செய்கிறது. சிறு அளவை எல்லா நிலையமும் விரும்பி எடுப்பதில்லை. நடுவதற்கு முன்பே கேட்டுவையுங்கள். கூலி அறுவடைக்காரரின் சரக்கோடு சேர்த்து அனுப்புவது ஒரு வழி.

மீதி உங்கள் கையில். பீவர்ட்டன் சனிக்கிழமைச் சந்தை போன்ற உழவர் சந்தைகள், பேக்கரிகள், ஐஸ்கிரீம் கடைகள், சாக்லேட் செய்பவர்கள். பேக்கரிக்காரர் முதலில் கேட்பது விலையை அல்ல, ஆண்டு முழுவதும் தர முடியுமா என்பதைத்தான். ஓட்டோடு குளிர்ச்சியாக வைத்துத் தேவைக்கேற்ப உடைத்துக் கொடுக்க முடிந்தால் பதில் உங்களிடம் இருக்கிறது. வறுத்தும் அரைத்தும் கடைகளுக்குக் கொடுக்க மாநில வேளாண்மைத் துறையின் உணவு உரிமம் பெற்ற இடம் வேண்டும். வீட்டுச் சமையலறையில் ஆரம்பித்துவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது வேண்டாம்.

நம் ஆட்கள் கவனிக்காத ஒரு வசதி: இந்த அறுவடை தீபாவளியை ஒட்டி முடிகிறது. முந்திரி பர்ஃபி செய்வதைப் போலவே புதுப் பருப்பில் பர்ஃபி செய்யலாம். பருப்பை 135 செல்சியஸில் கால் மணி நேரம் வறுத்து, சூட்டோடு துண்டில் சுற்றித் தேய்த்தால் கசப்புத் தோல் பெரும்பாலும் போய்விடும். தமிழ்ச் சங்க விழாவில் ஒரு தட்டு வைத்தால் அடுத்த ஆண்டு ஆர்டர் முன்பணத்தோடு வரும். கொட்டை ஒவ்வாமை எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள்.

இயற்கை முறையில் செய்யலாமா?

செய்பவர்கள் இருக்கிறார்கள். கஷ்டம் புழுவிலும் அடிக்கன்றிலும். விலை கூடக் கிடைக்கும், விளைச்சல் குறையும்.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

நிலம் வாங்கத் தடையில்லை. அதில் இறங்கி வேலை செய்வதும் விற்பதும் வேறு விஷயம்: அந்த விசா உங்களை மனுச் செய்த நிறுவனத்தின் வேலைக்கு மட்டும் உரியது. குத்தகைக்கு விட்டு வாடகை வாங்குவதற்கும், நீங்களே டிராக்டரில் ஏறுவதற்கும் சட்டத்தில் வித்தியாசம் இருக்கிறது. பச்சை அட்டை வரிசையில் நிற்பவர் முதலில் குடியேற்ற வழக்கறிஞரைப் பாருங்கள், பிறகு நாற்றுப் பண்ணையை.

கடன், வரி பற்றி?

மத்திய வேளாண்மைத் துறையின் பண்ணைச் சேவை முகமையில் புது விவசாயிகளுக்குக் கடன் உண்டு. விவசாயம் செய்த காலம் பத்தாண்டைத் தாண்டாதவர் புதியவர்தான். 50,000 டாலர் வரை குறுங்கடனுக்குக் காகித வேலை குறைவு. சொத்து வரியில் விவசாய நிலச் சலுகை பெரிது. இ.எஃப்.யு. மண்டலத்துக்கு வெளியே உள்ள நிலத்துக்கு அதற்கு வருமானச் சோதனை இருக்கிறது. ஆறரை முதல் முப்பது ஏக்கர் வரை என்றால் ஐந்தாண்டில் மூன்றாண்டு, ஏக்கருக்கு 100 டாலர் மொத்த வருமானம் காட்ட வேண்டும். காய்க்காத கன்றுகளை எப்படிக் கணக்கிடுவார்கள் என்று கவுண்டி மதிப்பீட்டாளரிடம் கேளுங்கள். வருமான வரியில் பல ஆண்டு நட்டம் காட்டினால் பொழுதுபோக்கு என்று சொல்லிவிடக்கூடும். ரசீதையும் வேலைக் குறிப்பையும் முதல் நாளிலிருந்து வைத்திருங்கள்.

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ நட முடியுமா?

கேட்காதவர்களே இல்லை. இந்த மரத்துக்குக் குளிர்காலத்தில் நூற்றுக்கணக்கான மணி நேரம், பல ரகங்களுக்கு ஆயிரத்தை ஒட்டி, 7 செல்சியஸுக்குக் கீழே இருக்க வேண்டும். ஊட்டியில் இரவு குளிரும், பகலில் வெயில் வந்து அதைக் கலைத்துவிடும். இமயமலைப் பக்கம் காட்டு ஹேசல் இருக்கிறது. பூட்டானில் பெரிய அளவில் நட்டிருக்கிறார்கள். நீலகிரியில் வியாபாரமாகச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

எங்கே கற்றுக்கொள்வது?

அரோராவில் பல்கலைக்கழகத்தின் வடக்கு வில்லாமெட் ஆய்வு மையம் இருக்கிறது. அதன் விரிவாக்கப் பிரிவு வெளியிடும் கையேடுகள் இலவசம். ஓரிகன், வாஷிங்டன், பிரிட்டிஷ் கொலம்பியா கொட்டை வளர்ப்போர் சங்கம் குளிர்காலத்தில் கூட்டமும் கோடையில் தோட்டச் சுற்றுலாவும் நடத்துகிறது. உறுப்பினராகி, நிலம் வாங்குவதற்கு முன் ஓராண்டு போய் வாருங்கள். 2021 பிப்ரவரி பனிக்கட்டிப் புயலில் கிளை முறிந்த தோட்டங்களை எப்படி மீட்டார்கள் என்று அங்கே இருக்கும் பெரியவர்களிடம் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வார்கள். இன்னும் மேலானது, அக்டோபரில் ஒரு வாரம் விடுப்பு எடுத்து ஒரு தோட்டத்தில் கூலிக்குப் போவது. விசா இடம் கொடுப்பவர்களுக்கு மட்டும் இந்த யோசனை. சேறு ஒட்டாத பூட்ஸ், புழுதிக்கு முகமூடி, காதடைப்பான் மூன்றையும் சொந்தமாகக் கொண்டுபோங்கள்.